சோபாவில் ஒரு ஈரம்

மருமகன்: ஐயையோ மாமா, தண்ணிய ஊத்தாதீங்க! அந்த ஜக்கை இப்படிக் குடுங்க.

மாமனார்: அலசினாத்தானே மாப்ள போகும்?

மருமகன்: சோபாவை எங்க போய் அலசறது? உள்ள முழுக்க ஸ்பாஞ்சு. தண்ணி இறங்கினா லேசுல காயாது. அப்புறம் நாத்தம் வேற.

மாமனார்: நாத்தமா... இப்பவே அடிக்குதா?

மருமகன்: எலுமிச்சை ஜூஸ் எங்க மாமா நாறும்? நான்தானே கொட்டினேன்... துணிய வச்சு ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க, இன்னும் பரவும்.

மாமனார்: கிண்ணத்துல என்ன, வெறும் நுரையா இருக்கு?

மருமகன்: நுரை மட்டும்தான் தொட்டு வைக்கணும். இருங்க, முதல்ல பின்பக்கம் தடவிப் பாக்கறேன். சாயம் போச்சுன்னா உங்க பொண்ணு வெளுத்து வாங்கிடுவா.

மாமனார்: அவ... எப்ப வருவா?

மருமகன்: வர்ற நேரம்தான். ஃபேனை இப்படித் திருப்புங்க.

மாமனார்: மாப்ள, ஒண்ணு கேக்கட்டுமா?

மருமகன்: சோடா உப்பு எதுக்குன்னுதானே? மிச்ச ஈரத்தை இழுத்துக்கும், வாடையும்...

மாமனார்: அது இல்ல. நம்ம வீட்டுல எலுமிச்சையே இல்லையே.

மருமகன்: அது கடையில வாங்கினது மாமா. நீங்க ஒத்துங்க.

மாமனார்: ஆபரேஷனுக்கு அப்புறம் அடக்கவே முடியல மாப்ள. எந்திரிக்கறதுக்குள்ள... இது முதல் தடவையும் இல்ல. போன தடவை நானே தொடைச்சு மறைச்சுட்டேன். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். தெரிஞ்சா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்? என் வீட்டுக்கே போயிடுவேன்.

மருமகன்: தனியாவா? என்ன பேச்சு மாமா இது! ஜூஸ்னா ஜூஸ். கொட்டினவன் நான். அவ்வளவுதான்.

மாமனார்: மாப்ள கையால இதைப் போய்...

மருமகன்: உங்க பேரன் பண்ணாததா? அமுக்குங்க, அமுக்குங்க.

மாமனார்: அட... இங்க வாங்களேன். மெத்தையோட அடிப்பக்கம் காஞ்சே கிடக்கு!

மருமகன்: எங்க? ஆமா! அவ்வளவு ஈரமும் மேலேயே நிக்குது... இது எப்படி? அமுக்கினா உள்ள ஏதோ சரசரங்குது மாமா.

மாமனார்: எலி கிலியா?

மருமகன்: எலியா இருந்தா ஓடாதா? இருங்க, ஜிப்பைத் திறந்து...

மகள்: என்ன, ரெண்டு பேரும் சோபாவைக் கவுத்துப் போட்டு ஆராய்ச்சி?

மருமகன்: வந்துட்டியா! ஒண்ணுமில்ல, நான்தான் ஜூஸை...

மாமனார்: ஆமாம்மா, மாப்ள கை தவறி...

மகள்: சரி சரி, ஜிப்பை மூடுங்க. ஸ்பாஞ்சு நனைஞ்சிருக்காது. போன மாசமே உறைக்குள்ள ரப்பர் ஷீட் வச்சுத் தச்சுட்டேன். நகருங்க, அப்பா உக்காரட்டும்.