பின்னால் ஓடிக்கொண்டிருந்தது

பேய்க்கு நடுச்சாமம்தான் வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? இது நடந்தது உச்சி மத்தியானம். யாழ்ப்பாணம் குருநகரில் கடலோர வீதி... வெயிலுக்குப் பயந்து ஒரு நாய்கூட வெளியில் இல்லை. வலைகள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வீதியின் கடைசி வீட்டில் தனியே இருந்தான் ஜெறோம். நம்முடைய நிருஷனின் பெரியம்மா மகன். நிருஷன் இங்கேதான் இருக்கிறான், நான் புளுகினால் சொல்லட்டும்.

ஜெறோமின் மனைவி கிறிஸ்ரினா டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். மறுநாள் முப்பத்தோராம் நாள் பூசை. அவள் மாதா கோயிலில் பாடுகிறவள். சாகுமுன் அவனுடைய கம்ப்யூட்டரில் ஒரு மாதா பாட்டுப் பாடி வைத்திருந்தாள். அதற்கு இசை சேர்த்துப் பூசையில் போடவேண்டும். அவளுடைய குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

பாவி மனுசன், இசையை எல்லாம் சேர்த்துவிட்டான். ஆனால் பாட்டை ஓடவிட்டால்... டிக். டிக்... கர்ர். அவள் வாய் திறக்கிற இடமெல்லாம் திக்கியது.

சிநேகிதன் ஒருவனைப் போனில் கேட்டான். பின்னால் வேறு ஏதோ வேலை ஓடுகிறது, அதுதான் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிறது, தேவையில்லாததை எல்லாம் நிறுத்து என்றான் அவன். ஜெறோம் வைஃபையை நிறுத்தினான். வைரஸ் தடுக்கிற புரோகிராமை நிறுத்தினான். அப்டேட்டை நிறுத்தினான்.

டிக்... டிக்...

திரையில், ஓடுகிற வேலைகளின் பட்டியலில் ஒன்று மட்டும் மிஞ்சி நின்றது. அதற்குப் பெயர் இல்லை. அவள் குரல் வரும்போது கம்ப்யூட்டரின் பலத்தை எல்லாம் அதுதான் உறிஞ்சியது. குரல் நின்றால் அதுவும் அடங்கியது. அறைக்குள் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் மணத்தது... சவப்பெட்டிக்குள் கிடத்தும்போது அவளுக்குப் பூசியது. ஒரு சந்தேகம் வரவேண்டாமா? வரவில்லை. நாளைக்குப் பூசை என்ற அவசரம் அவனுக்கு.

அதையும் நிறுத்தினான்.

டிக் சத்தம் போய்விட்டது. அவன் சேர்த்த ஓர்கன் இசை சுத்தமாக வந்தது. அவள் தொடங்கும் இடமும் வந்தது. குரல் இல்லை. திரையில் அவள் குரலின் கோடு ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது... சத்தம்தான் இல்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சத்தத்தை முழுவதும் கூட்டினான்.

மிகக் கிட்ட ஒரு மூச்சு வாங்கியது.

"ஏனப்பா நிப்பாட்டினனீங்கள்? நான் பாடிக்கொண்டெல்லோ இருந்தனான்."

அவ்வளவுதான். பிறகு அந்த மூச்சும் இல்லை.

பூசையில் பாட்டுப் போடவில்லை. வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டான். நிறுத்தியதை எல்லாம் திரும்ப ஓடவிட்டு, கிடைத்த புரோகிராம் அத்தனையையும் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறான்... எங்கேயாவது ஓரிடத்தில் திக்காதா என்று.

கம்ப்யூட்டர் நல்ல சுகமாக ஓடுகிறது.