கோயில் மரத்து முடிச்சுகள்

— யாருடி அந்தப் பையன்? உங்க அப்பா வேலை விட்டு வர்றதுக்குள்ள பேரைச் சொல்லிடு.

— எந்தப் பையன்ம்மா?

— நடிக்காத சிவகாமி. நம்ம காஜா பெராங் தெரு பூரா உன் பேச்சுதான். மாப்ள வேணும்னு வேண்டுற பொண்ணுங்க கோயில் மரத்துல ஒரு மஞ்சக் கயிறு கட்டுவாங்க. நீ ஒரு கிளையவே மூடி வச்சிருக்கியாமே! பசார்ல பூங்காவனத்தக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு, “பொன்னம்மா, சீக்கிரம் கட்டி வச்சுடு, புள்ள தாங்காது”ங்கறா. தமிழே பேசாத மலாக்கா செட்டி வீட்டுப் பொம்பளைங்ககூட மலாய்ல மாப்ள யாருன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. மீன்கூட வாங்காம வந்துட்டேன்.

— ஐயோ அம்மா... இரு, சிரிச்சு முடிச்சுக்கறேன்.

— சிரிக்கிறா பாரு!

— அது வேண்டுதலே இல்லம்மா. ஆப்பரேசன் முடிச்சு. ரத்தக் குழாயக் கட்டறதுக்கு ஒரு முடிச்சு இருக்கு, அதைப் பழகினேன்.

— மரத்துலயா?

— ஜன்னல் கம்பியில கட்டினேன், தரித்திரம்னு வெரட்டினே. நாற்காலிக் கால்ல கட்டினேன், அப்பா தடுக்கி விழுந்தாரு. அந்தக் கிளை கைக்கு வாகாத் தாழ்ந்து இருந்துச்சு. கறுப்பு நூல் தீர்ந்துபோச்சு, சாமி மாடத்துல இருந்த உன் மஞ்சக் கயித்து உருண்டைய எடுத்துட்டுப் போனேன். சத்தியமா மாப்ள ஞாபகமே வரலம்மா.

— அட கிறுக்கச்சி! டாக்டருக்கு ரெண்டாவது வருசம் படிக்கிற புள்ளைக்கு ஆப்பரேசன் முடிச்சு எதுக்குடி?

— சிங்கப்பூர்லயும் எல்லாரும் அதான் கேக்கறாங்க. எங்க கருணாகரன் சார் மட்டும் வேற மாதிரி. “கடைசி வருசத்துல கத்தியக் காட்டினா எவனுக்கு ஆசை வரும்? இப்பவே உள்ள வாங்க, பக்கத்துல நில்லுங்க”ன்னு எங்களை ஆப்பரேசன் தியேட்டருக்குள்ள விட்டாரு. “இந்த வருசம் உங்க நாட்டுக்குச் சுதந்திரம் வருது. துரைமாருங்க கப்பல் ஏறிட்டா உங்க ஊர் ஆஸ்பத்திரியில யாரு கத்தி புடிக்கிறது?”ன்னு கேட்டாரும்மா. எனக்கு நம்ம மலாக்காதான் கண்ணுல நின்னுச்சு.

— பயமா இல்லையாடி உனக்கு?

— மொதல் நாள் மயங்கி, பக்கத்துல நின்ன நர்ஸ் மிஸ்ஸி மேலயே விழுந்தேன். அவங்க இனிப்பா ஒரு கோப்பி குடுத்து திரும்பவும் உள்ள தள்ளிட்டாங்க. அன்னிக்கு ஒரு ரிக்சாக்காரரு, வயித்து வலியில சுருண்டு கெடந்தாரு. சார் வயித்தத் தெறந்து, கெட்டுப்போனதை எடுத்துப்போட்டுத் தைச்சாரு. ரெண்டே நாள்ல அந்த மனுசன் கஞ்சிக்கு உப்புப் பத்தலன்னு சண்டை போடறாரும்மா! எனக்கு இந்த வேலைதான் வேணும்னு அப்பவே தோணிடுச்சு.

— தோணும், தோணும். ஞாயித்துக்கிழமை உஜோங் பாசிர்லேருந்து பொண்ணு பாக்க வர்றாங்க, ஞாபகம் இருக்கா? இருமலுக்கு மருந்து குடுக்கற டாக்டர்னு நெனச்சு வர்றாங்க. வயித்தத் தெறக்கற பொண்ணுன்னு தெரிஞ்சா பலகாரத்தைக்கூடத் தொட மாட்டாங்க.

— ஞாயித்துக்கிழமை நான் சிங்கப்பூர் பஸ் ஏறணும்மா. லீவு முடியறதுக்கு முன்னாடியே வந்தா, ஆப்பரேசன்ல கூட நின்னு கை குடுக்கலாம்னு சார் சொல்லியிருக்காரு. இதை விட்டா அந்த எடம் வேற யாருக்காவது போயிடும்.

— நான் போக வேணாம்னு சொன்னா?

— போக மாட்டேன். ஆனா அழுவேன், சொல்லிட்டேன்.

— ம்... அந்தத் தியேட்டர்ல அறுக்கற பொம்பள டாக்டருங்க இருக்காங்களா?

— ஒருத்தரும் இல்ல. “நீதான் மொதல்ல வரணும்”னு சார் என்கிட்ட சொல்றாரு. ஏன் கேக்கற?

— சும்மாத்தான். பசார்லேருந்து நேரா அந்த மரத்துக்குத்தான் போனேன். இன்னும் நாலு பேர் பாக்கறதுக்குள்ள அவுத்துடலாம்னு. ஒண்ணுகூட அவுரலடி! நகம் ஒடைஞ்சுது. கடைசியா பூசாரிகிட்ட கத்தி வாங்கி அறுத்தேன். ஒண்ணை மட்டும் விட்டுட்டு வந்தேன்.

— அதை ஏன் விட்டே?

— அது உன்னது இல்ல. அந்த முக்காலிய இப்படி இழு.

— எப்பப் பாத்தாலும் முக்காலி. கீழ உக்கார மாட்டே, குடம் தூக்க மாட்டே. மகாராணின்னு அப்பா கேலி பண்றது சரிதான்.

— பண்ணட்டும். உன் தம்பி தியாகு பொறந்ததுலேருந்து என்னால கீழ உக்கார முடியலடி. கர்ப்பப்பை அடி எறங்கிக் கெடக்கு. துணிய வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் நடமாடறேன்.

— அம்மா! தியாகுவுக்கு மீசையே வந்துடுச்சு! இத்தனை வருசமாவா? நானும் டாக்டருக்குப் படிக்கிறேன்னு உன் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேனே... ஏன்மா ஆஸ்பத்திரிக்குப் போகல?

— போனேனே. அறுத்துத் தைச்சா சரியாப்போயிடும்னு மிஸ்ஸி சொன்னா. அறுக்கறது ஆம்பள டாக்டருன்னும் அவளே சொன்னா. எழுந்து வந்துட்டேன்.

— அழ வைக்காதம்மா. என்கூடச் சிங்கப்பூர் வா. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் நீ எதுக்கு இதைச் சுமக்கணும்? சார்கிட்ட நான் பேசறேன், பொம்பளைங்க வைத்தியம் பாக்கற நல்ல டாக்டரா அவரே சொல்லுவாரு.

— அங்கேயும் ஆம்பளதானே?

— ஆம்பளதான். ஆனா நான் உள்ள நிப்பேன். உன் தலைமாட்டுலயே நிப்பேன், வெளிய போன்னு யார் சொன்னாலும் போக மாட்டேன்.

— மயங்கி என் மேல விழுந்துடாத.

— விழ மாட்டேன். சரி, அந்த ஒத்தக் கயிறு யாரோடதுன்னு சொல்லவே இல்லையே.

— என்னோடதுதான். வருசா வருசம் ஆடி மாசத்துல புதுசாக் கட்டறேன்.

— என்ன வேண்டிக்கிட்டு?

— ‘அறுக்கத் தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தியை இந்த ஊருக்கு அனுப்பு தாயி’ன்னு. அந்தத் தாயி என் வீட்டுக்குள்ளயே ஒருத்திய வளர்த்து வச்சிருக்கா, நான் என்னடான்னா மாப்ள பேரைக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்; போ, ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட்டாச் சொல்லிட்டு வா.