சந்தா கட்டாதவரின் முட்டை

சிங்கப்பெருமாள் கோயிலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் கம்பெனி வண்டிக்குக் காத்திருந்தார்கள். மீசைக்காரர் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், கேன்டீன் முட்ட இன்னா கோலிகுண்டு சைஸ்ல கீது? உங்க சங்கத்துல கேளு.”

“நீயும் சந்தா கட்டி மெம்பராயிட்டு வந்து கேளேன்.”

“அதான் நீ கட்றியே. நான் வேற எதுக்கு தண்டம் அழுவணும்?”

“அந்த முட்ட வேணும்னு கம்பெனி கேட்டாண்ட நின்னதுக்குத்தான் என்னிய சஸ்பெண்டு பண்ணாங்க.”

“தெரியுமே. அப்போ உன் மிஷின நான்தான ஓவர்டைம்ல ஓட்டினேன்.”

“வெக்கமா இல்ல உனக்கு?”

வண்டி வந்தது. முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த மீசைக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“இந்த பஸ்ஸும் நீங்க கேட்டு வாங்கினதுதான? முட்டயோட குஷன் சீட்டும் சேத்து கேளுங்க.”