பெட்டியில் உள்ளதே பில்லில்

பெயர் கிறிஸ்துதாஸ், வயது 56, த/பெ ஆரோக்கியம், அம்பத்தூரில் குடியிருப்பு, அங்கேயே மொத்த மருந்து வியாபாரம்.

பட்டாபிராமில் சம்பத் என்பவரின் மருந்துக்கடையில் கைப்பற்றப்பட்ட போலி ரத்த அழுத்த மாத்திரைகள் என் கிடங்கிலிருந்து போனவை அல்ல. அதற்காக நேற்று காலை முதல் காவல் நிலையத்தில் வைத்து விசாரிக்கப்படும் என் கிடங்குப் பொறுப்பாளர் கஜபதி, வயது 58, அவற்றை அனுப்பவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். சைக்கிளில் மருந்துப் பை கட்டி பூந்தமல்லி முதல் ஆவடி வரை கடை கடையாகப் போட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். கஜபதி என்னிடம் பத்தொன்பது வருடமாக இருக்கிறார்.

பில்லில் பேட்ச் எண் 522 என்று இருந்தாலும் வந்த பெட்டியில் 417 தான் இருந்தது என்றும், மொத்தக் கடை பில்லும் பெட்டியும் என்றைக்கும் ஒத்துப்போகாது என்றும் சம்பத் சொன்னதாக எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஜனவரி வரை என் கடையில் அது உண்மைதான். கையில் அகப்பட்ட பெட்டியைக் கொடுப்போம், கம்ப்யூட்டரில் எந்த பேட்சில் இருப்பு தெரிகிறதோ அந்த எண்ணில் பில் போடுவோம்.

ஜனவரியில் கடையை கிளவுட் மென்பொருளுக்கு மாற்ற, அந்த மென்பொருள் நிறுவனத்திலிருந்து ரெனிதா என்ற பெண் வந்தார். பழைய இருப்பை அப்படியே ஏற்றச் சொன்னேன். "அப்படியே ஏத்தினா பழைய பொய்யும் சேர்ந்துதான் சார் ஏறும்" என்று சொல்லி, ஒவ்வொரு பெட்டியாக எண்ண வேண்டும் என்றார். அதற்குக் கஜபதி, "பத்தொம்போது வருசமா என் கண்ணுதான் கம்ப்யூட்டரு. இப்ப அதுக்கே பரீச்சையா மொதலாளி?" என்று கிடங்குச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு நான் பாரிவாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய், அவர் கேட்டதற்கு ஒப்புக்கொண்டு அழைத்து வந்தேன். வந்தவர் எண்ணி முடியும்வரை ஏணியை விட்டு இறங்கவில்லை. 212 இடங்களில் எண் தப்பாக இருந்ததைத் தானே கண்டுபிடித்து, தானே ரெனிதாவிடம் எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு ஆளை நான் தொழிலில் பார்த்ததில்லை.

ஜூன் 18 பகல் பதினொரு மணிக்கு சம்பத்தின் ஆர்டருக்கு வண்டி நின்றது. அன்று காலை வந்த 522 கம்ப்யூட்டரில் இன்னும் வரவு ஏறவில்லை. 417 மேல்தட்டில் பின்னால் இருந்தது, ஆர்டருக்கு வேண்டிய அத்தனையையும் இறக்க நேரமாகும். "ஒரு 417 பெட்டிய ஸ்கேன் பண்ணிட்டு 522-ஐக் குடுத்தனுப்புப்பா, அப்புறம் சரிக்கட்டிக்கலாம்" என்று சொன்னது நான்தான். கஜபதி, "பொட்டில இன்னா கீதோ அதான் பில்லுல வரும். அவ்ளோ அவசரம்னா நீயே குந்தி மாத்திர செஞ்சு குடு மொதலாளி" என்றார். லோடுமேன்கள் சிரித்தார்கள். அதன் பிறகு 522-ஐ வரவு வைத்து, ஸ்கேன் செய்து, நாற்பது நிமிடம் தாமதமாக வண்டியை அனுப்பினார்.

417-இல் இருந்த அறுபது பெட்டியும் மறுநாள் நசரத்பேட்டையில் மூன்று கடைகளுக்குப் போயின. அந்த பில்களின் அச்சுப்பிரதியைக் கொடுத்திருக்கிறேன், அந்தக் கடைகளில் கேட்டுக்கொள்ளலாம். கைப்பற்றிய போலியில் இருக்கும் எண் 417. அன்று கஜபதி என் பேச்சைக் கேட்டிருந்தால் பில்லிலும் 417 என்றே இருந்திருக்கும், அவரைக் காப்பாற்ற என்னிடம் ஒரு காகிதமும் இருந்திருக்காது.

பதிவை நாங்களே பிற்பாடு திருத்தியிருக்கலாமே என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்வதாவது: பாரிவாக்கத்தில் கஜபதி சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை. பழைய இருபத்து நாலாயிரத்துக்கே வருவதாகச் சொல்லி ஒன்றுதான் கேட்டார். போட்ட பில்லைத் திருத்தும் உரிமை எனக்கும் இருக்கக் கூடாது, அவருக்கும் இருக்கக் கூடாது, இருவரும் கையெழுத்திட்ட கடிதம் போனால் மட்டுமே ரெனிதாவின் நிறுவனம் திருத்த வேண்டும். ஒப்புக்கொண்டேன். இன்று வரை அப்படி ஒரு கடிதமும் போகவில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ஆ. கிறிஸ்துதாஸ்