எட்டாம் மாதப் பாடம்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வரக்கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். நேற்று உங்கள் ஆட்கள் இரண்டு பேர் பூட்ஸோடு உள்ளே போய் என் மேஜை டிராயரைத் திறந்தார்கள். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. தூசி என்ன செய்யும் என்பதைப் படிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உங்கள் ரைட்டர் எழுதி முடிக்கட்டும், காத்திருக்கிறேன். அவசரப்பட்டு எழுதினால் தப்பு வரும்.

என் பெயர் எலியா. பாறசாலை ஜங்ஷனில், துணிக்கடைக்கு மேலே, பதினாறு வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். தொண்ணூற்றைந்தில் அதே மாடியைக் கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கினேன். எங்கள் குடும்பத்துக்குப் படிப்பு புதிது அல்ல. மிஷன் சபையில் என் தாத்தா இலக்கணம் படித்த காலத்தில் இந்தத் தாலுகாவில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயரை எழுதத் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்பவர்களுக்குப் பெருமையாகத் தோன்றினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

என் முறை எளிமையானது. முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டரின் வரலாறு. அடுத்த மூன்று மாதம் கட்டம் போட்ட நோட்டில் ஃப்ளோ சார்ட். அப்புறம் இரண்டு மாதம் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழி, அதுவும் நோட்டில். எட்டாம் மாதம் வெப் பக்கம் எழுதும் பாடம். அதை முடித்த பிறகுதான் கீபோர்டில் விரல் வைக்கலாம். டைப்ரைட்டிங் காலத்திலேயே முதல் வரிசை எழுத்துகளை ஒரு மாதம் அடிக்காதவனை நான் இரண்டாம் வரிசைக்கு விட்டதில்லை.

என் சிறந்த மாணவன் தேவகுமார். இரண்டு வருடமாகப் படிக்கிறான். நானூறு பக்கத்துக்குப் புரோகிராம் எழுதியிருக்கிறான், எல்லாம் நோட்டில். இதுவரை ஒன்றில்கூடப் பிழை வந்ததில்லை.

ஷைனா தொண்ணூற்றெட்டு ஜூனில் சேர்ந்தாள். காஞ்சிரங்குளம் பக்கத்துக் கடற்புறத்துப் பெண். இரண்டு பஸ் மாறி வருவாள். கடற்புறத்து ஆட்களுக்கு எதிலும் ஒரு அவசரம் உண்டு. மீன் காத்திருக்காது என்பது அவர்கள் நியாயம். கம்ப்யூட்டர் மீன் அல்ல என்று நான் முதல் வாரமே சொன்னேன். சிரித்தாள்.

அவள் அப்பா சகாயதாஸ் வளைகுடாவில் ஓர் அரபியின் படகில் மீன்பிடிக்கப் போனவர். ஆகஸ்டில் அந்தப் படகை ஏதோ சரக்குக் கப்பல் இடித்தது. மூன்று பேரில் இரண்டு பேர் கரை சேர்ந்தார்கள், சகாயதாஸைக் காணவில்லை. படகு முதலாளி, ஆள் வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று எழுதிக்கொடுத்துக் கையைக் கழுவிவிட்டான். மனுஷன் இருக்கிறாரா இல்லையா என்பதே வீட்டில் தெரியாது.

அப்போதுதான் ஷைனா ஒரு மலையாள வாரப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'ஒரே நாளில் உங்களுக்கும் ஒரு வெப்சைட்' என்று ஒரு கட்டுரை. எதிர்ப்பக்கத்தில் ஒரே வாரத்தில் முடி வளரும் எண்ணெய்க்கு விளம்பரம். இரண்டையும் எழுதியவர் ஒரே ஆளாக இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

"சாரே, எனக்க அப்பனுக்க படத்த வச்சு ஒரு பக்கம் போடணும். அங்க உள்ள ஆராவது பாத்தா ஒரு வார்த்த சொல்லுவாங்க இல்லியா."

"அது எட்டாம் மாசத்துப் பாடமாக்கும் மக்கா. நீ இப்பம் மூணாம் மாசம்."

"அதுவரைக்கும் அப்பன் கடல்ல கெடப்பாரா சாரே?"

"அஸ்திவாரம் இல்லாம வீடு நிக்குமா?"

"எங்க வீட்டுக்கு அஸ்திவாரம் இல்ல சாரே. மணல்ல நாலு கம்பு. நின்னுட்டுதான் இருக்கு."

இப்படிப் பேசுகிறவர்களுக்கு ஒரு பாடத்தையும் சொல்லித்தர முடியாது. நான் ஃப்ளோ சார்ட் நோட்டைத் திறக்கச் சொன்னேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாவி தேவகுமாரிடம் இருந்தது. இன்டர்நெட் இணைப்பு உள்ள மெஷின் என்னுடையது ஒன்றுதான், அதன்மேல் எப்போதும் துணி போட்டிருக்கும். அவன் முதலில் முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறான். அவள் என்ன சொன்னாள் என்பதை அவனே பிறகு என்னிடம் அழுதுகொண்டு சொன்னான்.

"தேவகுமார் அண்ணா, நீங்க பேப்பர்ல நீச்சல் படிக்கிய ஆளாக்கும். நனையாது, முங்காது, நல்ல சுகம். அந்தத் துணிய மட்டும் எடுத்துத் தாங்க, முங்குனா நான் முங்கிக்கிறேன்."

எடுத்துக்கொடுத்துவிட்டான். ஒரே மத்தியானம். அமெரிக்காவில் யாரோ தன் காணாமல்போன நாய்க்காகப் போட்டிருந்த பக்கத்தை எடுத்து, அதன் உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே நகல் செய்திருக்கிறாள். நாயின் படம் இருந்த இடத்தில் ஸ்டுடியோவில் ஃப்ளாப்பியில் வாங்கிவந்த அப்பன் படம். நாயின் பெயர் இருந்த இடத்தில் சகாயதாஸ். வயது நாற்பத்தாறு, இடது கையில் ரீத்தா என்று பச்சை குத்தியிருக்கும், ஊர் காஞ்சிரங்குளம். ரீத்தா அவள் அம்மா. இலவசமாக இடம் தருகிற ஒரு கம்பெனியில் அதை ஏற்றியும் விட்டாள்.

அடியில் இரண்டு வரி அப்படியே இருந்தது. 'கழுத்தில் நீலப் பட்டை அணிந்திருக்கும். பிஸ்கட் கொடுத்தால் அருகில் வரும்.'

திங்கட்கிழமை நான் அதைப் பார்த்து, அச்செடுத்து, சிவப்பு மையில் முப்பத்தொரு தவறுகளைக் குறித்து அவள் முன்னால் வைத்தேன். அந்த இரண்டு வரியைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

"அதத் தொட்டா படம் போயிருது சாரே. நாலு தடவ பாத்தேன். நாணக்கேடுதான், கெடக்கட்டு. அப்பன் வந்தா சிரிப்பாரு."

"யாராவது பதில் போட்டா எங்க வரும்?"

"சென்டருக்க மெயிலத்தான் போட்டிருக்கு. எனக்கு வேற இல்லல்லா."

அன்றிலிருந்து தினமும் மாலை நாலரைக்கு, பஸ்ஸுக்கு இறங்கும் முன், வாசலில் நின்று கேட்பாள். "மெயில் வல்லதும் உண்டுமா சாரே?" எதுவும் வரவில்லை என்பேன். அப்போது உண்மையாகவே இல்லை.

அக்டோபர் ஆறாம் தேதி ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் ஆன். வளைகுடாவில் ஒரு துறைமுக ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், சொந்த ஊர் நம் அதியன்னூர். நல்ல கடிதம், தெளிவான ஆங்கிலம். ஒரு சரக்குக் கப்பலில் வந்தவர்கள் கடலிலிருந்து எடுத்த ஆள் ஒருவர் ஆறு வாரமாக அங்கே கிடக்கிறார், காகிதம் எதுவும் இல்லை, தலையில் அடி. அவர் வாயில் வருவது ஒரே ஒரு சொல், காஞ்சிரங்குளம். வேறு நர்ஸுகளுக்கு அது ஏதோ முனகல். ஆனுக்கு அது பஸ் போர்டு. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அந்தச் சொல்லை அடித்துத் தேடியிருக்கிறாள். இந்த உலகம் முழுக்க ஒரே ஒரு பக்கம்தான் வந்ததாம்.

கையில் பச்சை இருக்கிறது, முகமும் ஒத்துப்போகிறது, பிஸ்கட் வரிதான் புரியவில்லை என்று எழுதியிருந்தாள். மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது, ஆப்பரேஷன் செய்யவேண்டும். இன்னார் என்று உறுதியாகி, குடும்பத்தின் சம்மதம் எம்பஸி வழியாக வந்தால் மறுநாளே செய்வார்கள். உடனே பதில் வேண்டும்.

அச்செடுத்தேன். 'வந்த கடிதங்கள்' ஃபைலில் தேதிப்படி கோத்து டிராயரில் வைத்தேன். நான் எந்தக் காகிதத்தையும் கிழிப்பவன் அல்ல, உங்களுக்கு அது முழுசாகக் கிடைத்ததே அதனால்தான். நாலரைக்கு ஷைனா வந்து கேட்டாள்.

"இல்ல மக்கா," என்றேன்.

கொடுக்கக்கூடாது என்று நான் முடிவு செய்யவில்லை. எப்போது கொடுப்பது என்பதுதான் யோசனை. அன்றைக்குக் கொடுத்திருந்தால் அவள் என்ன கற்றுக்கொண்டிருப்பாள்? முப்பத்தொரு தவறோடு, நாயின் பட்டையோடு, ஒரு பக்கத்தைத் தூக்கி உலகத்தின் முன் வைத்தால் அது வேலை செய்யும் என்று கற்றுக்கொண்டிருப்பாள். அவள் மட்டும் அல்ல, கேள்விப்படுகிற ஒவ்வொருவனும்.

எட்டாம் தேதி அவள் அம்மா வந்தாள். மீன் விற்ற கையோடு வந்திருந்தாள், வாசலிலேயே நிற்கச் சொல்லவேண்டியதாயிற்று. செருப்பைக் கழற்று என்று சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை, காலில் இல்லை.

"சாரே, பிள்ளைக்க அப்பனுக்க படம் அந்தப் பெட்டிக்குள்ள உண்டுண்ணு சொன்னா. ஒருக்கா காட்டித் தருவீங்களா. நான் தொடமாட்டேன். இங்க நின்னே பாத்துட்டுப் போறேன்."

லைன் கிடைக்கவில்லை என்றேன். வந்த கால் சும்மா போகவேண்டாமே என்று, மானிட்டர் என்றால் என்ன, பெட்டி என்று பொதுமக்கள் தவறாகச் சொல்வது எதை என்று பத்து நிமிடம் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கடைசியில், "அப்பம் அவரு இதுல எங்க சாரே இருக்காரு?" என்றாள். இவர்களுக்கு விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்களே பாருங்கள். என் முழங்கை அந்த டிராயரின் மேல்தான் இருந்தது.

பத்தாம் தேதி ஆனின் இரண்டாவது கடிதம். முதல் கடிதம் கிடைத்ததா, டாக்டர்கள் அதிக நாள் இல்லை என்கிறார்கள், ஒரு வரி போதும் என்று.

ஒரு வரி கேட்டாள். நான் மூன்று எழுதினேன், பிழையில்லாத மூன்று வரி. 'இது எங்கள் மாணவி ஒருவர் வேறொரு பக்கத்தைப் பார்த்து நகல் எடுத்த பயிற்சிப் பக்கம். இதில் உள்ள நபர் கற்பனை. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' முதல் வரி முழுக்க உண்மை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் மரியாதை தெரிந்தவள். மறுநாளே பதில் போட்டாள். தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும், பிஸ்கட் வரியைப் பார்த்தபோதே தனக்குச் சந்தேகம் இருந்தது என்று.

அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி அவர் இறந்தார். எண் மட்டும் போட்டு அடக்கம் செய்தார்கள். இது எனக்கு உங்கள் மூலம்தான் தெரியும்.

கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வந்த ஆனுக்கு அந்த ஒரு சொல் காதைவிட்டுப் போகவில்லையாம். காஞ்சிரங்குளம் பஸ் ஏறி, இறங்கி, கடலில் காணாமல்போனவர் யாரும் உண்டா என்று விசாரித்திருக்கிறாள். ரீத்தாவின் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். சுவரில் படம் இருந்தது. வருவார் என்று மாலை போடாமல் வைத்திருந்தார்களாம்.

மறுநாள் ஷைனா மாடிக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். ஆன் கொடுத்திருந்த என் பதிலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"அந்த லெட்டர எனக்கிட்ட தாறது எத்தனாம் மாசத்துப் பாடமாக்கும் சாரே?"

தேவகுமார் நோட்டை மூடிவிட்டு அவளோடு இறங்கிப் போனான். அவனை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. நல்ல கை அவனுக்கு.

நீங்கள் காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். அந்த மூன்று வரியை அனுப்பும்போது அவர் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியுமா என்று. தெரியும். அனுப்பினால் ஆப்பரேஷன் நடக்காது என்பதும் தெரியும். நடக்காவிட்டால் சாவார் என்பதும் தெரியும். ரைட்டர் இதை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதட்டும், கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் என்று கேட்டால், அன்றைய மாலையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஷைனாவின் அலங்கோலத்தைப் பார்த்த நாளிலிருந்து, ஒழுங்கான பக்கம் எப்படி இருக்கவேண்டும் என்று காட்டுவதற்காக, எங்கள் சென்டருக்கு நானே ஒரு பக்கம் எழுத ஆரம்பித்திருந்தேன். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, வரிவரியாக, முதலில் நோட்டில். பிறகு மெஷினில். கதவைச் சாத்திக்கொண்டு தொடர்ந்து பதினொரு மாலை ஏற்றிப் பார்த்தேன். பதினொரு மாலையும் திரை வெள்ளையாகவே வந்தது. பத்தாம் தேதி பதினொன்றாவது மாலை. அந்த வெள்ளைத் திரைக்குக் கீழே ஆனின் கடிதம் வந்து நின்றது. கதவைத் தட்டி, "மெயில் வல்லதும் உண்டுமா சாரே?" என்றாள் ஷைனா.

உண்டு என்று சொல்லியிருந்தால், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எல்லோருக்கும் என்ன தெரிந்திருக்கும்? எலியாவின் சென்டரிலிருந்து போன முதல் பக்கம் மூன்று மாதம் படித்த ஒரு மீன்காரியின் மகள் போட்டது, அது ஒரு மனுஷனைக் கடலுக்கு அப்பாலிருந்து கொண்டுவந்தது என்று தெரிந்திருக்கும். சாரின் பக்கம் எங்கே என்று அதன்பிறகு யாராவது ஒருவன் கேட்காமல் இருப்பானா?

கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. நோட்டு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, படித்தவர் யாரிடமாவது காட்டிப் பாருங்கள். நான் எழுதியதில் ஒரு தவறும் கிடையாது, ஐயா. அது திறக்கவில்லை, அவ்வளவுதான்.