ரிஸ்னா செய்த கிட்னி

– இவ்வளவுதானா? மெய்யாவா, ரிஸ்னா?

– ஓம் ராத்தா. போன் படத்தில பெருசாத் தெரியுது. கையில எடுத்தா பெருவிரல் அளவுதான் வரும்.

– கண்ணாடித் துண்டு மாதிரிக் கிடக்கு.

– அதுக்குள்ள தலைமயிரை விட மெல்லிய வாய்க்கால் ஓடுது. எஞ்சினியர்மார் அதை வெட்டித் தருவாங்க. டொக்டர்மார் கிட்னிட உயிர்க்கலங்களைக் கொண்டு வருவாங்க. அந்தக் கலங்களைச் சாகவிடாம வச்சிருக்கிறது என்ட வேலை.

– இதை ஆக்களிட வயித்துக்குள்ள வைக்கேலாதா?

– ஏலாது ராத்தா. ஒரு புது மருந்து கிட்னியப் பழுதாக்குமோ எண்டு ஆக்களுக்குக் குடுக்க முந்தி இதில விட்டுப் பாப்பம். அதுக்கு மட்டுந்தான் இது.

– பேப்பரில அப்பிடிப் போடேல்லையே புள்ள. சிலாவத்துறைப் பெண் செயற்கைக் கிட்னி செய்தார் எண்டு, உன்ட படத்தோட கொட்டை எழுத்தில போட்டிருந்தாங்க.

– தெரியும்.

– உன்ட மச்சான் அதைப் பிளாஸ்டிக் பேக்கில சுத்திச் சட்டைப் பையில வச்சிருந்தார். ரத்தம் சுத்தம் செய்யிற மெசினுக்குக் கிழமைக்கு மூண்டு தரம் மன்னாருக்குப் போவாரே, அந்த பஸ்ஸில கொண்டக்டருக்கும் காட்டுவார். என்ட பொஞ்சாதிட தங்கச்சி எண்டுவார். பேப்பர்காரருக்கு, பிழையாப் போட்டுட்டீங்க எண்டு நீ சொல்லேல்லையா?

– சொல்லேல்ல.

– ஏன்?

– எல்லாரும் போன் கோல் எடுத்து வாழ்த்தினாங்க. வாப்பா பள்ளியில எல்லாருக்கும் சொல்லிட்டார். திருத்தம் எழுதினன் ராத்தா. அனுப்பேல்ல.

– அவரும் உனக்குக் கோல் எடுத்தவர்தானே, போன நோன்பில.

– எடுத்தவர். அந்தக் கிட்னி எப்ப வரும் புள்ள எண்டு கேட்டார். கொஞ்சம் காலமெடுக்கும் மச்சான் எண்டன். வராது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல.

– அதுக்குப் பிறகு மனுசன் ரெண்டு கிழமை சிரிச்சுக்கொண்டு திரிஞ்சார். ஒரு நாளைக்கு ரெண்டு கப் தண்ணிதான் அவருக்கு. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கும். ரிஸ்னாட கிட்னி வரட்டும், ஒரு குடம் தண்ணியை நிண்டபடி குடிக்கிறன் எண்டுவார். மௌத்தான அண்டைக்கும் பஞ்சால நாக்கை நனைச்சுத்தான் விட்டம்.

– சொல்லாதீங்க ராத்தா.

– நான் சொல்லாம ஆர் சொல்லுறது? புருசன் மௌத்தாகி, வெளிய போகாம இத்தாவில இருக்கிற எனக்கு இந்த அறையும் இந்தக் கதையும்தான் மிச்சம். நீ மையித்து அடக்கத்துக்கும் வரேல்ல.

– டிக்கெட் கிடைக்கேல்ல எண்டு சொன்னது பொய். உங்கட முகத்தைப் பாக்கப் பயந்துதான் வரேல்ல.

– இப்ப ரெண்டு மாசத்துக்குப் பிறகு ஏன் வந்தனீ?

– மன்னிப்புக் கேக்க. அந்தப் பேப்பரை நம்பித்தான் மச்சான் வேற வழி தேடாம இருந்திட்டாரோ எண்டு எனக்கு நித்திரையே இல்ல.

– தேடாம என்ன. கண்டி ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், என்ட கிட்னி பொருந்துமோ எண்டு சோதிச்சவர்தானே.

– அதைத்தான் நானும் நெனச்சு நெனச்சு மனசைத் தேத்துறன். பொருந்தியிருந்தா உங்கட கிட்னி ஒண்டை நீங்க குடுத்திருப்பீங்க, அவரும் இப்ப வீட்டு முத்தத்தில கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பார். பொருந்தேல்ல. அது அல்லாஹ்ட நாட்டம். என்ட பேப்பருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லத்தானே? சொல்லுங்க ராத்தா. இல்லத்தானே?

– சின்னவனுக்கு அப்ப ரெண்டு வயசு, புள்ள. நான் கத்திக்குப் பயந்திட்டன்.

– என்ன சொல்லுறீங்க?

– பொருந்தினது, ரிஸ்னா. விருப்பமோ எண்டு டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டார்; அந்தப் பேப்பரைப் பாத்து, எப்பிடியும் நீ கிட்னியைக் கொண்டு வந்திருவாய் எண்டு நம்பி, பொருந்தேல்லை எண்டு அவரிட்டச் சொல்லிவிடுங்கோ எண்டு நான்தான் கெஞ்சினனான்.