கடைசி வரிசையில் உயரும் வெள்ளைத் துண்டு

முப்பத்தோராண்டுக் காலம் அரங்கத்தின் இருக்கைப் பிரிவைக் கண்ணும் கருத்துமாய்க் காத்து, இன்று பணி நிறைவு பெறும் மேற்பார்வையாளர் அண்ணன் அவர்களுக்கு, அரங்கப் பணியாளர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு இருக்கைகளையும் பெற்ற பிள்ளைகளைப்போல் அறிந்தவரே! படிகளில் பழகிய பாதங்களும், பார்வையாளரிடம் பணிந்த சொல்லும், பதறாத நெஞ்சும் படைத்த பண்பாளரே! கூடைப்பந்தின் கூச்சலிலும், குத்துச்சண்டையின் கொந்தளிப்பிலும், இன்னிசை மாலையின் இருட்டிலும் இம்மியளவும் நிதானம் இழக்காத எங்கள் அண்ணனே! அன்பு வணக்கம்.

மாநகரின் நட்டநடுவே, நான்கு சாலைகள் கூடுமிடத்தில், கவிழ்த்த கிண்ணம்போல் நிற்கும் இந்த அரங்கத்துள் கையில் ஒரு டார்ச் விளக்கோடு தாங்கள் நுழைந்தபோது எங்களில் பலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். அன்று முதல் இன்றுவரை மின்தூக்கியை நம்பாமல், மேலடுக்குக்குச் செல்லும் இருநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் நடந்தே ஏறினீர்கள். எந்த இருக்கையின் கீல் கிறீச்சிடும், எந்த இருக்கையில் அமர்ந்தால் தூண் மறைக்கும் என்பதெல்லாம் தங்களுக்கு மனப்பாடம். இடம் தேடி வருபவருக்கு விரலை மட்டும் நீட்டிய பணியாளரைக் கண்டால், "இருட்டுல விரலைக் காட்டினா யாருக்குப்பா தெரியும்? கூடவே நடந்து போய் உக்கார வச்சுட்டு வா!" என்பீர்கள். அதட்டலாகவே இருக்கும், ஆனால் அன்று மாலை தேநீர் வாங்கிக் கொடுப்பவரும் தாங்களே.

அனைத்துக்கும் மேலாகத் தாங்கள் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. இசை நிகழ்ச்சி நடக்கும் நாள்களில் மாலை நான்கு மணிக்கு ஒலிச் சோதனை நடக்கும். அப்போது மேலடுக்கின் கடைசி வரிசையில், தூணோரம் இருக்கும் கடைசி இருக்கையில் போய் அமர்வீர்கள். இந்த அரங்கத்தில் மிக மலிவான இருக்கை அதுதான். கீழே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒலிமேசையில் இருப்பவருக்கு அங்கே என்ன கேட்கிறதென்று தெரியாது. ஒலிபெருக்கிகள் முழங்கும் நேரத்தில் வாக்கிடாக்கியும் பயன்படாது. அதனால், குத்துச்சண்டை வீரர் ஒருவர் விட்டுப்போன வெள்ளைத் துண்டைத் தாங்கள் கையோடு எடுத்துச் செல்வீர்கள். பாடலின் சொல் தெளிவாக வந்து சேர்ந்தால் துண்டு உயரும். துண்டு உயராமல் இங்கே நிகழ்ச்சி தொடங்கியதில்லை. "குறைஞ்ச டிக்கெட்டுல வந்தவங்களும் நிகழ்ச்சி பாக்கத்தானே வந்திருக்காங்க?" என்பது தங்கள் வாதம்.

அந்தத் துண்டு ஒருமுறை தவறாக உயர்ந்தது. பாராட்டு மடலில் அதை எழுதலாமா என்று தயங்கித் தங்களிடமே கேட்டோம். "அதை விட்டுட்டு என்னத்தை எழுதப் போறீங்க?" என்றீர்கள். ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம்.

எட்டு மாதங்களுக்கு முன் நடந்த இசை நிகழ்ச்சி அது. மேலடுக்கின் ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் கம்பி ஒன்று கழன்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒலிமேசையில் இருந்த எங்கள் தங்கை சோதனைப் பாடலை ஓடவிட்டு, வழக்கம்போல் நிமிர்ந்து பார்த்தார். துண்டு உயர்ந்தது. மனநிறைவோடு மேசைக் குறிப்பேட்டில் 'சரி' என்று எழுதினார். அன்று மாலை மேலடுக்கில் இருந்த ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேளச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இடைவேளையில் படியெல்லாம் சண்டை.

மறுநாள் காலை மேலாளர் அறையில் தங்கை தனியாக நின்றார். பள்ளியில் படிக்கும் இரண்டு மகள்களும் அவருடைய சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். மேசைமேல் அவருடைய பணிநீக்க ஆணை, கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"துண்டைப் பார்த்துட்டுத்தான் சார் எழுதினேன்."

"துண்டு பாடுமாம்மா? உன் காது எங்க போச்சு?"

துண்டு தவறாக உயர்ந்தது என்று சொன்னால் தங்களைக் காட்டிக் கொடுத்ததாகும். தவறு தன்னுடையதே என்றால் பொய்யாகும். எந்தப் பக்கம் போவதென்று அவர் திகைத்து நின்றபோது, கதவைத் தட்டாமலே தாங்கள் உள்ளே வந்தீர்கள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். தூக்கினது நான். எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"கேக்காம எதுக்குய்யா தூக்கினீங்க?"

"பக்கத்துல பாப்கார்ன் கடைக்காரம்மா தாளம் தப்பாம தலையை ஆட்டிட்டு நின்னாங்க. சரி, பாட்டு நல்லாத்தான் வருது, நம்ம காதுதான் மந்தம்னு தூக்கிட்டேன்."

பாப்கார்ன் அம்மா வரவழைக்கப்பட்டார். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ! நான் இயர்போனை மாட்டிக்கிட்டு என் பாட்டுக்கு ஆட்டிட்டு இருந்தேன் சார்! இவர் என்னைப் பார்த்துக் கொடியேத்துவாருன்னு நான் கண்டேனா?"

மேலாளர் கையிலிருந்த கோப்பினை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். கோப்பு குலுங்கியதை மூவரும் பார்த்தீர்கள்.

தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "சார், நேத்து மட்டும் இல்ல. ஒரு வருஷமாவே பக்கத்துல இருக்கிறவங்க முகத்தைப் பார்த்துத்தான் தூக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் அதிர்ஷ்டம் இருந்தது. நேத்தோட தீர்ந்துபோச்சு" என்று சொல்லி, துண்டை நாலாக மடித்து அந்த ஆணையின் மேல் வைத்தீர்கள். பணி நிறைவுக்கு எட்டே மாதம் இருந்தது. வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

வெளியே நடைவழியில் தங்கை அழுதபடி கேட்டார்: "ஏண்ணா சொன்னீங்க? உங்களை அனுப்பிட்டாங்கன்னா?"

"நீ என்னை நம்பித்தானேம்மா மேல பாக்கிற?" என்றீர்கள்.

அன்று பணிநீக்க ஆணை கிழிக்கப்பட்டது. தங்கள்மீதும் நடவடிக்கை இல்லை. மறுநாள் மேலாளரே இருநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் மூச்சிரைக்க ஏறிப்போய், அந்தக் கடைசி இருக்கையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்தவர், பணியாளர் அனைவருக்கும் ஆண்டுதோறும் அரங்கச் செலவிலேயே செவிப் பரிசோதனை என்று உத்தரவிட்டார். முதல் பரிசோதனையிலேயே, இரைச்சலில் செவி கெடத் தொடங்கியிருந்த பதினொரு பேர் கண்டறியப்பட்டார்கள். மருத்துவரிடம் காலத்தோடு போய்ச் சேர்ந்த அந்தப் பதினொரு பேரும் இன்று இந்த அவையில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்களுக்கும் இரு செவிகளிலும் கருவி வந்தது. "வீட்டுல கூப்பிட்டா காதுல விழாதது கல்யாணமான எல்லா ஆம்பளைங்களுக்கும் உள்ளதுதான்னு விட்டுட்டேன்" என்று அண்ணியார் எங்களிடம் சொன்னதையும் இங்கே பணிவுடன் பதிவு செய்கிறோம்.

பரிசோதனையில் அரங்கத்திலேயே கூர்மையான செவி யாருக்கு என்று பார்த்தால், நம் பாப்கார்ன் அம்மாவுக்கு! அன்று முதல் நான்கு மணிக்கு இயர்போனைக் கழற்றிக் கல்லாவில் வைத்துவிட்டு, கடைசி இருக்கையில் அமர்பவர் அவரே. இந்த எட்டு மாதத்தில் மூன்று முறை துண்டைத் தூக்க மறுத்திருக்கிறார். மூன்று முறையும் அவர் சொன்னதே சரி.

அண்ணனே! எதிர்வரும் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தங்களுக்கு முதல் வரிசையில் இடம் தர விரும்பினோம். "முதல் வரிசையா? அங்க சோதிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று மறுத்துவிட்டீர்கள். ஆகையால் கடைசி வரிசையில், அந்த இருக்கைக்கு அடுத்த இரண்டு இருக்கைகள் தங்களுக்கும் அண்ணியாருக்கும் என்றென்றும் உரியன. கால் வலியின்றி அத்தனை படிகளும் ஏறும் உடல்நலமும், பேரப்பிள்ளைகளின் கிசுகிசுப்பும் தப்பாமல் வந்துசேரும் செவிநலமும், நிறைந்த ஆயுளும், நீங்காத சிரிப்பும் தாங்கள் பெற்று வாழ உளமார வாழ்த்துகிறோம். இறங்கும்போது மட்டும் மின்தூக்கியைப் பயன்படுத்துமாறு வேண்டுகிறோம்.

நிறைவாக ஒன்று. இம்மடல் ஒலிபெருக்கியில்தான் வாசிக்கப்படுகிறது. ஒலிமேசையில் இருப்பவர் அதே தங்கை. மேலடுக்கின் கடைசி இருக்கையிலும் இப்போது ஆள் இருக்கிறது. முதல் வரியிலிருந்து இந்த வரிவரை ஒவ்வொரு சொல்லும் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தாங்கள் பழக்கிய பழக்கம் அது.

சற்றே திரும்பி, மேலே பாருங்கள் அண்ணா.

துண்டு உயர்ந்திருக்கிறது.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
இருக்கைப் பிரிவு, ஒலி ஒளிப் பிரிவு, தூய்மைப் பிரிவு, வாயில் காவல், சிற்றுண்டிக் கடைகள்
மற்றும் அரங்கப் பணியாளர்கள் அனைவரும்